ரெண்டு தடவையும் ஒரே எடை

இரும்பைச் சூடாக்கிக் கடினமாக்குற பட்டறை அது. தரையோட தரையா ஒரு தொட்டியில உப்பை உருக்கி வச்சிருப்பாங்க, செக்கச்செவேல்னு. தொட்டி குறைஞ்சா புது உப்பு கொட்டணும். அது கையில அள்ளினா பொலபொலன்னுதான் இருக்கும். ஆனா உப்புக்குள்ளயே தண்ணி கட்டுண்டு கிடக்கும். அது போகாம தொட்டியில விழுந்தா வெடிச்சுத் தெறிக்கும்.

அதனால உப்பை அடுப்பறையில வறுத்து எடுத்ததும் சோதிக்க ஒருத்தர் இருந்தார். பீங்கான் கிண்ணத்துல கொஞ்சம் போட்டு எடை பார்ப்பார். சூடாக்கி, மூடி ஆறவச்சு மறுபடி பார்ப்பார். குறைஞ்ச எடைதான் தண்ணி. ரெண்டு தடவை ஒரே எடை நிக்கிறவரைக்கும் விடமாட்டார். பட்டறையில அவர் பேரே 'இன்னொரு தடவை'.

"கல்யாணமும் இன்னொரு தடவையாண்ணே?"ன்னு கேப்பானுங்க.

சிரிச்சுக்குவார். அந்தத் தொட்டிக்கிட்டதான் அவரோட அண்ணன் ரெண்டு கண்ணையும் பறிகொடுத்தது. இப்ப அங்க நிக்கிறது அவரோட மாப்பிள்ளை. மக போன வாரந்தான் பொண்ணு பெத்திருந்தா.

அன்னைக்கு முதல் சூட்டுல எடை கொஞ்சந்தான் குறைஞ்சுது.

"அளவுக்குள்ளதான இருக்கு? கொட்டச் சொல்லு"ன்னார் மேஸ்திரி.

"இன்னொரு தடவை பார்த்துடுறேன்."

பார்த்தார். இன்னும் குறைஞ்சுது. மொத்தமாக் குறைஞ்சது அனுமதிச்ச அளவைத் தாண்டிடுச்சு.

"தண்ணி இருக்குங்க."

"கடுகத்தனைக்கு இந்த ஆட்டமா? வேலை நிக்குதுய்யா! டேய், நீ கொட்டு!"

மாப்பிள்ளை அவரைப் பார்த்தான், மேஸ்திரியைப் பார்த்தான். "மாமா, விடுங்க. வேலை போயிடும்"னு முணுமுணுத்துட்டு உப்புத் தட்டைத் தூக்கினான்.

இவர் ஓடிப்போய் அவனைத் தொட்டிக்கிட்டேருந்து வாசலுக்கு வெளிய இழுத்து, தட்டைப் பிடுங்கிக் கீழ வச்சு, குடிதண்ணிக் குடத்தை அப்படியே அதுமேல கவுத்தார். உப்பு சேறாப் போச்சு. இனி எவன் கொட்டுவான்?

"உனக்குப் பைத்தியம்டா"ன்னார் மேஸ்திரி. அன்னைக்கே வெளிய அனுப்பிட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. அதனால அவர் சொன்னது சரின்னு சொல்லவும் ஆளில்ல.

மறுநாள் காலையில பேத்தியை மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தார். அது அவர் விரலை விடாமப் பிடிச்சிருந்துச்சு. மாப்பிள்ளை சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பினான்.

"சோதிக்க யாரைப் போட்டிருக்காங்க மாப்பிள்ளை?"

அவன் குனிஞ்சு செருப்பைத் தேடினான்.

"யாரையும் போடல மாமா. கண்ணால பார்த்தாலே போதும்னுட்டார் மேஸ்திரி."