அனுப்பிவிட்டதாகச் சொன்ன டம்மி

நாற்பதைத் தாண்டிய பிறகு புரோகிராமிங் படிக்கப் போவதாக என் மனைவி சொன்னபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, யார் யாரோ செய்த தப்புக்கெல்லாம் திட்டு வாங்கி அவளுக்கு அலுத்துப் போயிருந்தது. அங்கேயே கணினிப் பிரிவில் ஓர் இடம் காலியானது. சில மாதம் வேலை செய்து காட்டினால் நிரந்தரம் என்றார்கள். அந்த இடத்தின் மேல் அவள் உயிரையே வைத்திருந்தாள்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறவன். சாயங்காலம் சமையலறையில் நான் வெங்காயம் நறுக்க, அவள் படித்ததைத் திருப்பிப் பார்ப்பாள். கேள்வி கேட்பது என் பொறுப்பு. பதில் சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. முகத்தை மட்டும் வாத்தியார் மாதிரி வைத்துக்கொள்வேன்.

"இன்டர்ஃபேஸ்னா என்ன?"

"ஒரு வேலைக்கு ஆள் கேக்குற மாதிரிங்க. 'அனுப்பு'ன்னா அனுப்பத் தெரியணும், அவ்வளவுதான். உள்ள யாரு, எப்படி அனுப்புறாங்கன்னு கேக்காது."

"அட, அப்ப எனக்கும் அங்க வேலை கிடைக்கும்போல!"

"கிடைக்கும். ஆனா வேலை முடிஞ்சதும் ரெண்டு பதில் சொல்லணும். என்ன நடந்துச்சு, ஏதாவது தப்பாச்சா. உங்களுக்கு அந்த ரெண்டாவது பதில் வாயில வராதே."

மூக்கறுபட்டு, மறுபடி வெங்காயத்துக்குத் திரும்பினேன்.

கணினிப் பிரிவில் அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை, அறுவை சிகிச்சைத் தேதி மாறினால் நோயாளிகளின் போனுக்கு ஒரு வெளிக் கம்பெனி வழியாகச் செய்தி அனுப்பும் புரோகிராம். எழுதிப் பார்க்கும்போது நிஜமாகவே செய்தி போய்விடக் கூடாதே என்று அனுப்புகிற பகுதியின் இடத்தில் ஒரு டம்மியைச் செருகி வைத்திருந்தாள். 'அனுப்பு' என்றால் அது எதையும் அனுப்பாது. 'அனுப்பியாச்சு, தப்பு ஒன்றுமில்லை' என்று பதில் மட்டும் சொல்லும். கேட்டதற்குப் பதில் வந்துவிடுவதால் புரோகிராமுக்கும் சந்தேகம் வராது.

ஒரு டாக்டர் விடுப்பில் போக, தேதிகள் மாறின. இவள் புரோகிராமை ஓட்டினாள். எல்லாம் போய்விட்டது, ஒரு பிழையும் இல்லை என்று திரையில் வந்தது. அன்று துள்ளிக் குதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

பழைய தேதியன்று காலையில் நோயாளிகள் அத்தனை பேரும் வந்து நின்றார்கள். ஒரு பெரியவர், மகளை லீவு போட வைத்துக் கூட்டி வந்தவர், போட்ட கூச்சல் கணினிப் பிரிவு வரை கேட்டிருக்கிறது. இவள் புரோகிராமைத் திறந்து பார்த்தாள். டம்மி இன்னும் அங்கேயே இருந்தது. எடுக்க மறந்திருக்கிறாள்.

பிரிவுத் தலைவர் அதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். "மெசேஜ் கம்பெனிக்காரங்கதான் சொதப்பிட்டாங்க. அவங்க ஆளை வரச் சொல்லியிருக்கேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

"இல்ல சார். தப்பு என்னோடது" என்று இவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். பிறகு வரவேற்பறைக்குப் போய் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். பெரியவர் அவளைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டார். அந்த வாரமே கணினிப் பிரிவு இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

வீட்டில் அவள் இதைச் சொன்னபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அவரே கம்பெனிக்காரன் தலையில கட்டிட்டாரு. உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? சத்தமில்லாம சரி பண்ணிட்டு வந்திருக்கலாம்ல?"

"பண்ணியிருக்கலாம். ஆனா அந்தக் கம்பெனி ஆளு வந்து நின்னு திட்டு வாங்கியிருப்பான். அடுத்தவங்க தப்புக்குத் திட்டு வாங்குறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதாங்க? அதுலேர்ந்து தப்பிக்கத்தானே இவ்வளவு படிச்சேன்."

சொல்லிவிட்டுத்தான் அழுதாள். "எனக்கு அந்த இடம் வேணுங்க. ரொம்ப ஆசையா இருந்தேன்."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறென்ன செய்ய என்று தெரியவில்லை.

மறுநாள் காலை வேனிலேயே அவளை மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டேன். பழைய மேசைக்குத்தான் போனாள். அந்த இடம் போனது எனக்கு ஆறவே இல்லை. அதே சமயம், பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடமெல்லாம், அதோ போகிறாளே, அவள் என் மனைவி என்று சொல்ல வேண்டும்போல இருந்தது.