சட்டை ஆட்டிய படகு

"...அதெல்லாம் சரிதான் டாக்டரம்மா, வரமாட்டாங்கன்னு நீங்க எழுதிக் குடுப்பீங்களா? அந்தச் சீட்டுலயே, மாத்திரை பேருக்குக் கீழ ஒரே ஒரு வரி. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் இங்கேர்ந்து நேராப் போய்க் கடல்ல எறங்குறேன்."

கேட்டவர் என் வீட்டுக்காரர் தேசப்பன். கேட்ட இடம் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவு. டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அவர் பதில் சொல்வதற்குள், அந்த அறைக்கு நாங்கள் எப்படி வந்து சேர்ந்தோம் என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கலாம்.

நாங்கள் பழவேற்காட்டை அடுத்த லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர்கள். அவர் படகில் போவார், நான் மீன் விற்பேன். நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம். மீதியை மீன் சுற்றும் பேப்பரிலும், பொன்னேரி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிகளின் வாயிலும் படித்துக்கொண்டேன். யார் நல்ல வார்த்தை சொன்னாலும் முந்தானையில் முடிந்துகொள்வேன். இந்த நோய்க்கு மட்டும் அந்த முடிச்சுகளில் எதுவும் உதவவில்லை.

பல வருஷங்களுக்கு முன்னால், துப்பாக்கியோடு படகில் வந்த சிலர் ஒரு பெரிய நகரத்துக்குள் புகுந்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டார்கள். டிவியில் நாட்கணக்கில் அதையேதான் காட்டினார்கள். அதே ஜன்னல், அதே புகை, அதே அழுகை. அவர்கள் வந்தது மீன்பிடிப் படகில் என்று சொன்னதும் குப்பம் முழுக்கத் தன் படகுகளைத் திரும்பிப் பார்த்தது. நம் படகைப் போல ஒரு படகு. நம்மைப் போல லுங்கி கட்டிய ஆட்கள் என்றுகூடக் கதை வந்தது.

கொஞ்ச நாள் எல்லோரும் பயந்தோம். பிறகு இறால் வந்தது. "பயத்துக்கும் பசிக்கும் சண்டை வந்தா பசிதாண்டி ஜெயிக்கும்" என்று மீன் சந்தையில் ஒருத்தி சொன்னாள். அப்படித்தான் நடந்தது. எல்லோரும் டிவியை அணைத்துவிட்டுக் கடலுக்குப் போனார்கள். என் வீட்டுக்காரரும் போனார். ஆனால் திரும்பி வந்ததும் மறுபடி டிவியைப் போட்டார். அந்தச் செய்தி ஓய்ந்தால் வேறு ஊர், வேறு குண்டு. ஊர் மாறியதே தவிர புகை மாறவில்லை.

முதல் அறிகுறி என்ன என்று பின்னால் டாக்டர் கேட்டபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தது சோற்றுத் தட்டுதான். கடலுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிட மாட்டேன் என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். காற்று வாங்கிச் சாப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர் சாப்பிடவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோற்றைக் காக்கா தின்றது.

அந்தச் சமயத்தில் அதிகாரிகள் குப்பத்துக்கு வந்து கூட்டம் போட்டார்கள். புதுப் படகு, புது முகம் எதைப் பார்த்தாலும் சொல்ல வேண்டும் என்றார்கள். "நீங்கதான் எங்களுக்குக் கண்ணு, நீங்கதான் காது" என்றார்கள். தப்பில்லை, அவர்கள் வேலை அது. பிறகு ஒருநாள் ஒத்திகை நடத்தினார்கள். மாறுவேஷத்தில் சிலர் கடல் பக்கமிருந்து வருவார்கள், கரையில் யாராவது கண்டுபிடிக்கிறார்களா என்று பார்ப்பார்கள். வெகுதூரத்தில் புள்ளியாகத் தெரிந்த படகை என் வீட்டுக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். கூட்டம் கூட்டி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். படம் பேப்பரில் வந்தது. நானும் கைதட்டினேன். குப்பத்தில் அவருக்குக் 'கமிஷனர்' என்று பெயர் விழுந்தது.

"இன்னா கமிஷனரே, கடல்ல இன்னா விசேஷம்? மீனெல்லாம் அடையாள அட்டை வச்சிருக்குதா?" என்று கேட்பான் அவருடைய சித்தப்பா மகன் ஏழுமலை.

"சிரி, சிரி. வந்தப்புறம் சிரிக்க வாய் இருக்காது" என்பார் இவர். அப்போது இவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நோய்க்குப் பொன்னாடை போர்த்தியிருக்கிறோம் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

எங்கள் குப்பத்துப் பெண்களுக்கு ஒரு வித்தை உண்டு. படகு கண்ணில் படுவதற்கு முன்பே, என்ஜின் சத்தத்தை வைத்து யார் வருகிறார் என்று சொல்லிவிடுவோம். ஒருவர் படகு இருமும், ஒருவர் படகு விக்கும். அந்தக் காதில் என் வீட்டுக்காரர் எங்களையெல்லாம் மிஞ்சியவர். அப்படிப்பட்டவருக்கே எல்லாச் சத்தமும் அந்நியமாகிப் போனது. அடுத்த வீட்டுப் படகு வந்தாலும் எழுந்து நின்றார். மார்பு படபடத்தது. கை வியர்த்தது. மாரடைப்போ என்று பொன்னேரிக்கு அழைத்துப் போனேன். ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைத் தாளில் கோடாக எடுத்துப் பார்க்கும் சோதனை) எடுத்தார்கள். "இதயம் இரும்பு மாதிரி இருக்குது" என்றார்கள். சந்தோஷமாகத் திரும்பி வந்தோம். சில நோய்களில் நல்ல ரிப்போர்ட்தான் முதல் ஏமாற்றம்.

ஐஸ் வியாபாரம் செய்யும் பாய் ஒருவர் எங்களுக்குப் பல காலப் பழக்கம். அவர் வீட்டுப் பிரியாணி வராமல் எங்களுக்குப் பெருநாள் கிடையாது. ஒருநாள் அவர் வாசலில் நின்று கூப்பிட, உள்ளே டிவி ஏதோ பேசிக்கொண்டிருக்க, இவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பாய் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் வந்தார். "உடம்பு சரியில்ல போலக்குதும்மா, அப்புறமா வரேன்" என்று சன்னல் வழியாக என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த மனிதரும் டிவி பார்ப்பவர்தானே, அவருக்குப் புரியாதா? எனக்குத்தான் அவர் முகத்தை இன்றுவரை நேராகப் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

கடலில் ஒரு முறை இருக்கிறது. என்ஜின் நின்றுபோன படகு, ஒரு கழியில் சட்டையைக் கட்டித் தூக்கி ஆட்டும். பார்த்தவன் யாராக இருந்தாலும் வலையை விட்டுவிட்டுப் போக வேண்டும். எந்தக் குப்பம், என்ன சண்டை என்று கேட்கக் கூடாது. நிலத்தில் வெட்டிக்கொண்டவர்கள்கூடச் சட்டைக்குப் போவார்கள்.

அன்றைக்கு இவர் படகில் இருந்தவர்கள் தூரத்தில் ஒரு சட்டை ஆடுவதைப் பார்த்தார்கள். சுக்கான் இவர் கையில். "போவாத. அது தந்திரம். கூப்ட்டு வச்சி நம்ம போட்டைப் புடுங்கிப்பாங்க, டிவில காட்னாங்களே" என்று சொல்லிப் படகைத் திருப்பிவிட்டார். கூட இருந்தவர்கள் கத்தினார்கள், கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் உடம்பு அப்படி நடுங்கியதைப் பார்த்துப் பயந்து விட்டுவிட்டார்கள். கரைக்கு வந்த பிறகு அவர்களே வேறு படகை அனுப்பினார்கள். அதற்குள் அந்தப் படகை நீரோட்டம் வடக்கே இழுத்துக்கொண்டு போயிருந்தது. மறுநாள் ஆந்திரக் கரைக்காரர்கள் கண்டெடுத்தார்கள். உதடு வெடித்து, நாக்கு வறண்டு, எல்லோரும் உயிரோடுதான் வந்தார்கள்.

சட்டையை ஆட்டியவன் ஏழுமலை.

அவன் திட்டவில்லை. எங்கள் வாசலுக்கு வந்து, "அண்ணி, என் போட்டு அண்ணனுக்குத் தெரியாதா? என் சட்டை தெரியாதா? நீதான போன தீபாவளிக்கு எடுத்துக் குடுத்த" என்று மட்டும் கேட்டான். உள்ளேயிருந்த இவர் காதைப் பொத்திக்கொண்டார். அதன் பிறகு எந்தப் படகும் இவரைக் கூப்பிடவில்லை. இவரும் கேட்கவில்லை.

பொன்னேரியிலிருந்து ரயிலேறிச் சென்னைக்குப் போனோம். மனநலப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில், சுவரில் உயரமாக ஒரு டிவி. அதில் செய்தி. எந்த ஊரிலோ புகை. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இத கொஞ்சம் நிறுத்துங்களேன்" என்று அங்கிருந்த ஊழியரைக் கேட்டேன்.

"ரிமோட் காணாமப் போய் ரொம்ப நாளாச்சும்மா. ஏணி போட்டாத்தான் நிறுத்த முடியும்" என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சிரித்தேன்.

டாக்டர் எங்கள் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பதற்ற நோய் (ஆபத்து இல்லாத நேரத்திலும் உடம்பு ஆபத்தில் இருப்பதுபோலவே நடந்துகொள்வது) என்றார். கூடவே மிகை விழிப்பு (காவல் முடிந்த பிறகும் கண்ணும் காதும் காவலை விடாமல் இருப்பது) என்றார். அதே செய்தியைத்தான் ஊரே பார்த்தது, இவருக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். "ஒரே மழையிலதான் எல்லாரும் நனையறோம். யாருக்கு ஜுரம் வரும்னு முன்னாடியே சொல்ல முடியறதில்லம்மா" என்றார். அதை முடிந்துகொண்டேன்.

மாத்திரை கொடுத்தார். மூச்சை மெதுவாக விடப் பழக்கினார். டிவியை அறவே நிறுத்தச் சொன்னார். கடலுக்குப் படிப்படியாகப் போகச் சொன்னார்: முதலில் மணல், பிறகு கால் நனையும் தண்ணீர், பிறகு கரையிலேயே நிற்கும் படகு. இதற்குப் பழக்கச் சிகிச்சை (பயப்படும் பொருளோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்திருக்கப் பழகுவது) என்று பெயர்.

கேபிளைப் பிடுங்கிப் போட்டேன். மாத்திரையில் தூங்கினார். கொஞ்சம் சதை போட்டது. ஒருநாள் கரைவரை போய், யாரோ விரித்து வைத்திருந்த வலையில் கிழிசலைப் பார்த்துத் தானாக உட்கார்ந்து வலை ஊசியால் தைத்தார். நான் ஓடிப்போய்க் கன்னியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன்.

நல்ல நாள் என்றால் பழவேற்காடு வரை நடத்தி அழைத்துப் போவேன். டச்சுக் கல்லறையில், வாசல் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும் இடத்தில், நிழலில் உட்காருவோம். ஒருநாள் அந்தப் பெரிய கல்லறைக் கற்களைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவங்க கப்பலும் மொதல்ல புள்ளியாத்தான் தெரிஞ்சிருக்கும். அன்னைக்கும் எவனாவது ஒருத்தன் கரையில நின்னு கத்தியிருப்பான். அவனுக்கும் கமிஷனர்னு பேர் வச்சிருப்பாங்க."

"அவனும் செத்தான், அவங்களும் செத்தாங்க. வா, டீ குடிக்கலாம்" என்றேன்.

"அது சரிமே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பினேன்.

இவர் கொஞ்சம் தேறிவருவதை ஏழுமலை கேள்விப்பட்டிருக்க வேண்டும். ஒரு காலையில் வாசலில் வந்து நின்றான். அதே சட்டையைப் போட்டிருந்தான். "வாண்ணா. என் போட்டுல ஏறு. சும்மா ஒரு சுத்து சுத்தினு வந்துடலாம்" என்றான். பயத்தில் தன்னைக் கடலில் விட்டுவிட்டு வந்தவரிடம் போய் அப்படிக் கேட்க எத்தனை பேருக்கு மனசு வரும்? இவர் லுங்கியை மடித்துக் கட்டினார். முழங்கால் தண்ணீர் வரை போனார். படகின் விளிம்பைப் பிடித்தார்.

கரையில் நின்றிருந்த யாருடைய போனிலோ செய்தி ஓடியது. எங்கோ ஒரு சந்தையில் குண்டு. போன்காரர் எங்களுக்கு வேண்டாதவர் இல்லை. எல்லோரும் பார்ப்பதைத்தான் அவரும் பார்த்தார். செய்தி வாசித்த பெண் குரலின் அவசரம் இவர் முதுகில் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன். விளிம்பிலிருந்து கை நழுவியது. திரும்பி, அலையோடு அலையாகக் கரைக்கு நடந்து வந்தார். ஏழுமலை ரொம்ப நேரம் என்ஜினைப் போடாமலே நின்றான்.

வீட்டில் டிவியை அணைக்கலாம். ஊரை அணைக்க முடியாது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எல்லோரும் என்னிடம் சொல்லிவிட்டார்கள். அரண்டவனை அரளாதவனாகத் திருப்புவது எப்படி என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரியாது. சிலருக்குக் குணமாகிறது என்று டாக்டர் சொன்னார், கூடத்தில் அப்படிச் சிலரைப் பார்த்தும் இருக்கிறேன். எங்களுக்கு ஆகவில்லை. அவருக்குக் கோழைப்பட்டம் மட்டும் கட்டாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கோழை ஓடிவிடுவான். இவர் இருபத்து நாலு மணி நேரமும் சண்டைக்கு நிற்கிறார்.

பக்கத்தில் இருப்பவருக்கும் இது ஒட்டிக்கொள்ளும், அதையும் சொல்ல வேண்டும். முன்பு என் பொழுதைக் காற்றும் நீரும் அளந்து கொடுக்கும். இப்போது ஒரு செய்திக்கும் அடுத்த செய்திக்கும் இடையில் இருப்பதுதான் பொழுது. மீன் அரியும்போது என்ஜின் சத்தம் கேட்டால் என் கை தானாக நிற்கிறது. முன்பு சத்தம் கேட்டால் இன்னார் வருகிறார் என்று தெரியும். இப்போது யாரோ வருகிறார் என்று மட்டும்தான் தெரிகிறது. மறுபடி சென்னைக்குப் போனபோது, அந்தக் காது எனக்குத் திரும்பி வருமா என்று டாக்டரிடம் கேட்க நினைத்தேன். அதற்குள் இவர், நான் முதலில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. "அப்படி எழுதித் தர என்னால முடியாது தேசப்பன். யாராலயும் முடியாது. தெரியாமத்தான் நாங்க எல்லாரும் வீட்டுக்குப் போறோம், தூங்கறோம்" என்றார்.

இவர் கோபப்படவில்லை. அந்த அம்மாவை ஒரு சின்னப் பெண்ணைப் பார்ப்பதுபோலப் பரிவாகப் பார்த்தார். பிறகு எழுந்து, தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய் டாக்டருக்கும் கதவுக்கும் நடுவில் போட்டார். "நீங்க பயப்படாம எழுதுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, எங்கள் இருவருக்கும் முதுகைக் காட்டி, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டார்.