ஹேண்ட்பிரேக்குக்கு மாட்டிய காலுறை

ஹேண்ட்பிரேக் மேடத்துக்குச் சும்மா உட்காரத் தெரியாது. நிற்பார், நடப்பார், எதையாவது எடுத்துத் துடைப்பார். அவரை ஓரிடத்தில் உட்கார வைக்கக்கூடிய ஒரே பொருள் கார்தான். அதிலும் கால் சும்மா இருக்காது. டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்குமே, அதன்மேல்தான் அவருடைய வலது கால் பாதி ஆயுளைக் கழித்திருக்கிறது. வண்டி நின்றதும் "ஹேண்ட்பிரேக்!" என்று ஒரு சத்தம் போடுவார் பாருங்கள், பக்கத்து வண்டிக்காரனும் சேர்ந்து இழுப்பான். பெயர் அப்படி வந்ததுதான். ஊரில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள்.

பெற்ற மகள் மட்டும் பாதியில் இறங்கிப் போனாள். கற்றுக்கொள்ளும்போது ஒரு திருப்பத்தில் அவள் பிரேக் போடுவதற்குள் அம்மா போட்டார். அடுத்த திருப்பத்திலும் போட்டார். அதற்கடுத்ததில் மகள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள், ஹேண்ட்பிரேக்கை முறையாக இழுத்தாள், சாவியை அம்மா மடியில் போட்டுவிட்டு இறங்கி நடந்தாள். மிச்சத்தை வேறெங்கோ கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து கல்யாணமானாலும் துக்கமானாலும் அம்மா ஒரு காரில், மகள் ஒரு காரில். ஒரே தெருவிலிருந்து ஒரே மண்டபத்துக்கு இரண்டு கார்! கேட்டால் யாரும் சிரிப்பார்கள். மேடத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் ஓட்ட, பக்கத்தில் ஒரு தடவை உட்கார்ந்து போக வேண்டும் என்று ஏங்கிப் போயிருந்தார். கேட்கத்தான் வாய் வரவில்லை.

மகளுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. லீவு நாளில் தன் பழைய சிவப்புக் காரை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோவாள். போட்டியெல்லாம் கிடையாது. ஆசைப்பட்டவர்கள் சொந்த வண்டியைக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் விரட்டி ஓட்டுவார்கள், வண்டியை ஆறவிடுவார்கள், மறுபடி ஓட்டுவார்கள். போன வாரம் அவளே போன் செய்தாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றியா? கடைசி செஷன்ல உன்னைப் பக்கத்துல உட்கார வச்சு ஓட்டுறேன்."

"நெஜமாவாடி?"

"ஆனா ஒண்ணு. அதுவரைக்கும் ஒரு வார்த்தை புத்தி சொல்லக் கூடாது. நடுவுல வண்டிய ஆறவைக்க ஒத்தாசை பண்ணு, போதும்."

சரி என்று ஒப்புக்கொண்டுவிட்டு வந்தவர்தான், காலையிலிருந்து காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டு நிற்கிறார். முதல் செஷனுக்கு முன்பே வண்டிக்குள் தலையை விட்டுச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார். காலடி விரிப்பை உதறினார். ஸ்டியரிங்கைத் துடைத்தார். ஹேண்ட்பிரேக் கம்பிக்கு அழுக்குக் காலுறை ஒன்று மாட்டியிருந்தது. "கருமம், இதையெல்லாமா காருக்குள்ள போட்டு வைப்பாங்க" என்று அதை உருவித் தன் கைப்பைக்குள் திணித்துக்கொண்டார். மகள் அந்த நேரம் ஹெல்மெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை.

முதல் செஷன் நல்லபடியாக முடிந்தது. கடைசிச் சுற்றைப் பிரேக்கே தொடாமல் மெல்ல உருட்டிக்கொண்டு வந்தாள் மகள். ஓட்டத்தில் காய்ந்த வண்டி காற்றில் ஆறட்டும் என்றுதான் அப்படி. நின்றதும் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பானெட்டைத் திறந்துவிட்டாள். மேடம் விசிறாத குறையாகச் சுற்றிச் சுற்றி வந்தார். சூட்டில் டயரில் ஏறியிருந்த காற்றழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கச் சொன்னபோது பயபக்தியோடு இறக்கினார். பேசவில்லை. நம்பினால் நம்புங்கள், ஒரு வார்த்தை பேசவில்லை.

வினை இரண்டாவது இடைவேளையில் வந்தது. வண்டி நின்றும் நிற்காமலும் மகள் இறங்கினாள்.

"அம்மா, கட்டைய வச்சிடு. இன்ஜின் கொஞ்சம் ஓடிட்டு இருக்கட்டும், அப்புறம் நீயே ஆஃப் பண்ணிடு. அவசரமா பாத்ரூம் போறேன்."

மேடம் கட்டையை வைத்தார். காத்திருந்தார். காத்திருப்பது அவருக்கு வராத வித்தை. இரண்டு தடவை வண்டியைச் சுற்றினார், மூன்றாவது சுற்றில் டிரைவர் சீட்டில் ஏறி இன்ஜினை அணைத்தார், கியரில் போட்டார், இறங்கினார். பக்கத்துக் கூரைக்கடியில் நீலக் கார் வைத்திருந்த பல் டாக்டர் மூக்கை உறிஞ்சினார்.

"என்னங்க கருகுற வாசனை? ஹேண்ட்பிரேக் ஏதும் போட்டீங்களா?"

"சேச்சே, நான் எதுக்குங்க..." என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தார். கம்பி மேலே நிமிர்ந்து நின்றது. கை தானாக இழுத்திருக்கிறது. இழுத்தது அவருக்கே தெரியவில்லை.

"அய்யய்யோ, சூட்டுல பிரேக் பேட் சக்கரத் தகட்டோட ஒட்டிக்குமே! சீக்கிரம் இறக்குங்க!"

இறக்கினார். கட்டையை எடுத்து, கியரை விடுவித்து, இரண்டு பேருமாகத் தள்ளினார்கள். வண்டி முதலில் மக்கர் பண்ணியது, பிறகு பின்சக்கரத்தில் 'டக்'கென்று ஒரு சத்தம் கேட்டு நகர்ந்தது.

"விட்டுடுச்சு. தகட்டுல பேட் ஒட்டின திட்டு ஒண்ணு படிஞ்சிருக்கும். வேகமாப் போறப்ப உதறும்," என்றார் டாக்டர். அவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். மேடம் கட்டையைப் பழையபடி வைத்தார். கட்டை அதே இடத்தில், கம்பி கீழே, ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி நிற்கிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் பக்கத்து சீட் போச்சு. இத்தனை வருஷம் கழித்துத் தானாகக் கூப்பிட்டவள், இனிமேல் ஜென்மத்துக்கும் கூப்பிட மாட்டாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், மூடினார். நாற்காலியை மடக்கினார், பிரித்தார். அந்த வேகத்தில் வண்டி உதறினால் என்ன ஆகும் என்று நினைத்தார். மகள் தூரத்தில் வருவதைப் பார்த்ததும் பாதி தூரம் ஓடிப்போய் எதிரில் நின்றார்.

"நான் ஹேண்ட்பிரேக் போட்டுட்டேன்டி. உடனே எடுத்துட்டேன், ஆனா ஒட்டிக்கிச்சு. நீ இப்ப வேகமா போகாதே. என்னை உட்கார வைக்காட்டியும் பரவாயில்ல, வேகமா மட்டும் போகாதே."

மகள் முகம் இறுகியது. நேரே வந்து வண்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

"இதுல மாட்டியிருந்த சாக்ஸ் எங்க?"

"எது?"

"சாக்ஸும்மா! ஹேண்ட்பிரேக்ல மாட்டியிருந்தேனே!"

மேடம் கைப்பையிலிருந்து அதை எடுத்தார். "துவைக்கலாம்னு..."

மகள் அந்தக் காலுறையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எதுக்கு மாட்டி வச்சிருக்கேன்னு நினைக்கிற? மொத நாள் இங்க வந்தப்ப நானும் இதே வேலையைத்தான் பண்ணேன். ரெண்டாவது நாளும் பண்ணேன். வண்டி நின்னா போதும், காதுக்குள்ள நீ கத்துற, கை இழுத்துடுது. என்ன பண்ணியும் போகல. துணி கைல பட்டாலாவது ஞாபகம் வரட்டும்னுதான் இதை மாட்டினேன்."

மேடத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்தார்.

"இளிக்காதே, எனக்குக் கோபமாத்தான் இருக்கு," என்றாள் மகள்.

மூன்றாவது செஷன் அந்தத் திட்டைத் தேய்த்து எடுப்பதிலேயே போனது. மற்ற வண்டிகளுக்கெல்லாம் வழிவிட்டு ஓரமாக ஓட்டி, மெல்லப் பிரேக் பிடித்துப் பிடித்து, உதறல் அடங்கிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே சுற்றினாள். வெளியே மேடம் காலுறையைக் குழாயடியில் அலசினார். மறுபடி அலசினார். அதில் அழுக்கு மிச்சமில்லை. கைக்கு வேலை வேண்டியிருந்தது. பிழிந்து வேலிக் கம்பியில் காயப்போட்டார்.

கடைசி செஷனுக்குக் கூப்பிட்டார்கள். மகள் அம்மா பக்கம் திரும்பவேயில்லை. உள்ளே ஏறி, பெல்ட் மாட்டி, இன்ஜினைப் போட்டாள். பிறகு இன்னொரு ஹெல்மெட்டை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள்.

"ஏறு. உன் பக்கம் பிரேக் கிடையாது, பார்த்துக்கோ."

அந்தச் சுற்றுகளை மேடம் எப்படிக் கடந்தார் என்பதை அவர் வலது கால்தான் சொல்ல வேண்டும். வெறும் தரையை அந்த மிதி மிதித்தார். ஒரு திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்ததில் திறந்து பார்த்தார்: மகள் தனக்கு வேண்டிய இடத்தில், தனக்கு வேண்டிய அளவு, தானே பிரேக் பிடித்தாள். அடடா, நன்றாகத்தான் ஓட்டுகிறாள் கழுதை!

"இது ஆறவைக்கிற சுத்து. பிரேக் தொட மாட்டேன். தாங்குவியா?" என்று கேட்டாள் மகள்.

மேடம் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டிலேயே சம்மணம் போட்டுக்கொண்டார். மகள் சத்தமாகச் சிரித்தாள். வண்டி வேகம் தணிந்து, காற்றில் மெல்ல உருண்டு, கூரைக்கடியில் வந்து நின்றது.

நின்றதும் மகளின் இடது கை தானாகக் கீழே போனது. காலுறை இன்னும் வேலியில் காய்ந்துகொண்டிருந்தது. கைக்குத் துணி படவில்லை. பட்டது அம்மாவின் கை. கம்பி எழும்பாதபடி அதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார் மேடம்.

"கைய எடும்மா, போட மாட்டேன்."

"மொதல்ல நீ எடு."

யாரும் எடுக்கவில்லை. பல் டாக்டர் வந்து சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுப் போனார்.