ஒரு சொட்டுகூட ஊற்றாத அக்கா

ஐம்பதைத் தாண்டிய பிறகு பயிற்சிக்குப் போனவன் நான். வேலை பார்த்த பத்திரிகையை மூடிவிட்டார்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பசுமை நிறுவனம், மக்கள் தொடர்புப் பிரிவில் பயிற்சியாளனாகச் சேர்த்துக்கொண்டது. பொரித்து மிஞ்சிய சமையல் எண்ணெயைக் கடைகளில் சேகரித்து, எரிபொருள் தயாரிப்பவர்களுக்கு அனுப்புவது அவர்கள் தொழில். மேலாளருக்கு என் மகள் வயது. என்னை "அங்கிள்" என்பார். அந்த அலுவலகத்தில் வேறு அங்கிள் இல்லாததால் குழப்பம் வந்ததில்லை.

எனக்குக் கொடுத்தது ஆய்வு வேலை. சிறு வியாபாரிகள் ஏன் எங்களுக்கு எண்ணெய் தருகிறார்கள் என்று கண்டறிய வேண்டும். கேள்விகளை அழகாகத் தட்டச்சு செய்து நீட்டினேன். மேலாளர் வாங்கக்கூட இல்லை.

"பதிலை முதல்ல எழுதிடுங்க அங்கிள். அப்புறம் அதைச் சொல்ற ஆளப் போய்ப் புடிங்க. எல்லாரும் அப்படித்தான் லா செய்றாங்க."

எழுதினேன். 'ஒரு சொட்டு எண்ணெயைக்கூட நான் சாக்கடையில் ஊற்றுவதில்லை. எல்லாம் என் பிள்ளைகளுக்காக.' இரண்டாவது வாக்கியத்தில் மேலாளர் நெகிழ்ந்துபோனார்.

ஆள் மேரு என்ற ஊரில் கிடைத்தார். தொழிற்சாலைகளுக்கு நடுவே வடையும் பொரித்த வாழைப்பழமும் விற்பவர். நான் அவரை அக்கா என்றேன், அவர் என்னை அண்ணே என்றார். யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீர்மானமாகவில்லை. கடைக்குப் பின்னால் பழைய எண்ணெய் டின்கள் ஆளுயரத்துக்கு நின்றன.

"கவுன்சில்காரன் வந்துட்டுப் போயிட்டான் அண்ணே. டின்ன எடுக்கலன்னா லைசன்ஸப் புடுங்கிடுவானாம். உங்க லோரி எப்ப வரும்?"

"கேட்டுச் சொல்றேன்க்கா. நீங்க இத மட்டும் கொஞ்சம் சொல்லுங்க."

வாசித்துக் காட்டினேன்.

"எனக்குத்தான் புள்ளையே இல்லையே."

"பொதுவா சொல்றதுக்கா."

"இதச் சொன்னா லோரி வருமா?"

"வரும்" என்றேன். நாற்காலிகூடச் சொந்தமில்லாத பயிற்சியாளன், லோரி வரும் என்று வாக்குக் கொடுத்தேன்.

கைப்பேசியைப் பார்த்து ஒரே தடவையில் சொல்லி முடித்தார். 'பிள்ளைகளுக்காக' என்ற இடத்தில் கண்ணைத் துடைத்தார். அடுப்புப் புகைதான், ஆனால் சரியான இடத்தில் வந்த புகை.

காணொளி எல்லோருக்கும் பிடித்தது. அக்காவின் படத்தைப் பெரிதாக்கி வரவேற்பறைச் சுவரில் மாட்டினார்கள். லோரிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். சிறு கடைகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார்களாம், டீசலுக்குக் கட்டுப்படியாகவில்லையாம். மேலாளரிடம் ஓடினேன்.

"அது அவங்க வேலை அங்கிள். நாம கதை சொல்ற பக்கம்."

சனிக்கிழமை என் சின்னக் காரின் பின்னால் பழைய செய்தித்தாள்களை விரித்துக்கொண்டு நானே மேருவுக்குப் போனேன். டின்களைக் கழுவிக் கவிழ்த்துக் காயவைத்திருந்தார்.

"எண்ணெய் எங்கக்கா?"

கரண்டியால் சாக்கடையைக் காட்டினார். "லோங்காங்லதான். நேத்து முழுக்க ஊத்துனேன். கடை வேணும்ல அண்ணே?"

தண்ணீர் மேல் எண்ணெய் வானவில்லாக மிதந்துகொண்டிருந்தது.

"காப்பார்லருந்து நாத்தனாரு போன் போட்டா. வீடியோவப் பார்த்தாளாம். நல்லா பேசுனேனா?"

"நல்லா பேசுனீங்கக்கா."

சூடாக வடை கட்டிக் கொடுத்தார். திரும்பும் வழியில் ஒன்றைக்கூடத் தின்ன முடியவில்லை.

திங்கட்கிழமை எனக்கு வேலை நிரந்தரமானது. மேசை வரவேற்பறைக்குப் பக்கத்தில். தலையை நிமிர்த்தினால் நேர் எதிரே சுவரில் அக்கா, அவருக்குப் பின்னால் நிரம்பிய டின்கள். படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று அவற்றை வரிசையாக அடுக்கியவன் நான்தான்.