மில்வாக்கிக்கு யார் வாக்குக் கொடுத்தது?

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைகாலம் முழுவதும் என் வீட்டுக்காரர் அமெரிக்கா போய்க்கொண்டே இருந்தார். வாய் மட்டும்தான் போனது. ஆள் இத்தாலியில், பலெர்மோவில், என் கண்முன்னாலேயே, சோபாவில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார்.

அவருக்கு ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற கடலோர ஊரில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையின் சமையல் குசினியில் வேலை. பாத்திரம் கழுவப் போன மனிதர், மத்திக்குள் பாண் தூளை வைத்துச் சுருட்டுவதில் முதலாளியையே மிஞ்சிவிட்டார். முதலாளியின் தமையன் மில்வாக்கி என்ற அமெரிக்க நகரத்தில் சொந்தமாகக் கடை வைத்திருந்தார். விடுமுறைக்கு ஊருக்கு வந்தவர், மன்னார்க்காரரான இவர் சுருட்டிய மத்தியைத் தின்று பார்த்துவிட்டு, இவனை எனக்குத் தா என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். விசா அலுவல்களைத் தானே பார்ப்பாராம். குடும்பத்தோடு வரலாமாம். ஆவணி முடிய அவர் திரும்பிப் போவதற்குள் பதில் சொன்னால் போதுமாம்.

இவர் வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது கையில் இருந்த மீன் பொதியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மில்வாக்கி! பேரிலையே வாக்கு இருக்கு. பிசகாது," என்றார்.

"முன்னுக்கு மில்லும் இருக்கு. அரைபடப் போறது ஆர்?" என்றேன்.

அதற்குப் பிறகு அந்த விடயத்தில் என்னோடு பேச்சு இல்லை. ஊரோடுதான் பேச்சு.

ஞாயிறு பூசை முடிந்தால் மாதா கோவில் வாசலில் எங்கள் ஆட்களின் மாநாடு ஒன்று கூடும். சிசிலித் தீவின் முனையிலுள்ள மெசினாவைத் தாண்டாத ஒருவர், "அங்கை கடைக்குப் போறதெண்டாலும் இடுப்பிலை துவக்கோடைதான் போகவேணும்," என்பார். இன்னொருவர், "பனியிலை காது உடைஞ்சு கையிலை வரும்," என்பார். மூன்றாமவர் அவர் சொல்வது சரிதான் என்பார். வேலிக்கு ஓணான் சாட்சி. இவர் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, அடுத்த கூட்டத்துக்குப் போய் முதலிலிருந்து தொடங்குவார். நான் மகளைக் கையில் பிடித்தபடி வெயிலில் காய்வேன். பல மரம் கண்டவன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். இவர் பலெர்மோவில் உள்ள அத்தனை மரத்தையும் கண்டுவிட்டார்.

ஆனால் கோட்டு வாங்குவதற்கு மட்டும் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஆவணி வெயிலில் கல் சுடுகிற வியா மக்வேதா கடைத்தெருவில், மலிவு விற்பனை என்று, முழங்காலுக்குக் கீழே இறங்குகிற கம்பளிக் கோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார். வீட்டில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தார். நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"முடிவு எடுத்தாச்சோ?" என்றேன்.

"இல்லையப்பா. சும்மா கிடக்கட்டும்."

கனடாவிலிருந்த அவருடைய அக்கா இன்னொரு பக்கம். ஒவ்வொரு கிழமையும் தொலைபேசி எடுப்பா. மில்வாக்கி அவவுடைய வீட்டுக் கொல்லைக்குள் இருப்பதுபோலத்தான் கதை. நான் எடுத்தால், "என்ன மச்சாள், சுகமோ? தம்பியிட்டைக் குடுங்கோ," என்பா. பிறகு தம்பியும் அக்காவும் நத்தார்ப் பண்டிகைக்கு யார் வீட்டில் யார் நிற்பது, மகள் எந்த வகுப்பில் சேர்வது என்றெல்லாம் பேசி முடிப்பார்கள். போவதா இல்லையா என்பதைத் தவிர மற்ற எல்லாம் முடிவாகிவிட்டது.

சரி, வேலைக்குப் போகிற இடத்திலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் நான் வீட்டுவேலை செய்த இடத்து எசமானி, சிஞ்ஞோரா, காற்றுவாக்கில் நான் சொன்னதைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தாள். "அமெரிக்காவா! அங்கே பாணுக்குள் சீனி போடுகிறார்கள்!" என்று அன்று முழுவதும் புலம்பினாள். அடுத்த நாள் போனால், என் வேலைக்காரப் பெண் போகப் போகிறாள், வேறு ஆள் பார்த்துத் தா என்று கீழ்வீட்டுக்காரியிடம் சொல்லி வைத்தாயிற்று. நான் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கட்டடத்துக்கே தெரிந்திருந்தது.

என்னுடைய கோபம் அமெரிக்காவோடு அல்ல. மன்னாரிலிருந்து கொழும்புக்கு வந்தபோது என்னைப் பெற்ற ஐயா முடிவெடுத்தார். கொழும்பிலிருந்து பலெர்மோவுக்கு வந்தபோது இவர் முடிவெடுத்தார். இரண்டு தரமும் என்னை ஒரு சூட்கேசைப் போலத்தான் தூக்கி வைத்தார்கள். மூன்றாம் தரமாவது யாராவது ஒரு வார்த்தை கேட்கட்டுமே என்று இருந்தேன். ஆடியில் இவர் கேட்டிருந்தால் நான் ஓம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அவ்வளவு தெளிவில்லாமல்தான் நானும் இருந்தேன்.

முதலாளியின் அமெரிக்கத் தமையன் திரும்பிப் போகிற கிழமை வந்தது. கடை பூட்டுகிற திங்கட்கிழமை மத்தியானம் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். பெரிய மனிதர், பெரிய கைக்கடிகாரம், சிசிலியப் பேச்சுக்கு நடுவில் அடிக்கடி ஓகே. மீனெல்லாம் முடிந்து முலாம்பழம் வந்ததும் கேட்டார்.

"என்ன, வருகிறாயா?"

இவர் தொடங்கினார். பனி என்றார். மகளின் பள்ளிக்கூடம் என்றார். அக்கா இப்படிச் சொல்கிறா, கோவிலில் அப்படிச் சொல்கிறார்கள் என்று இழுத்தார். அந்த மனிதர் கையைத் தூக்கி நிறுத்தி, ஆமா, இல்லையா, ஒன்றைச் சொல் என்றார். மாட்டுப்பட்டுக்கொண்ட என் வீட்டுக்காரர் மேசையைச் சுற்றிப் பார்த்தார். அப்போதுதான் நான் கண்ணில் பட்டேன்.

"நீர் என்ன சொல்லுறீர்? போவமோ?" என்று தமிழில் கேட்டார்.

தப்புவதற்காகத்தான் கேட்டார். எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டார். நான் யோசிக்கத் தொடங்குவதற்கு முதலே என் முகத்து நாடி மேலே போனது, புருவம் ஏறியது, நாக்கு 'ந்ச்' என்று ஒருதரம் தட்டியது.

பலெர்மோவில் இல்லை என்பதற்கு யாரும் தலையை இரண்டு பக்கமும் ஆட்டி மினக்கெடுவதில்லை. நாடியைத் தூக்கி நாக்கைத் தட்டினால் சரி. மீன் விற்பவன், பஸ் ஓட்டுபவன், என் சிஞ்ஞோரா எல்லோருக்கும் அதுதான் வழக்கம். எங்கள் ஆட்களுக்கோ நாடியைத் தூக்கினால் 'என்ன?' என்று கேட்பதாக அர்த்தம். குசினிக்குள் மீனோடு காலம் கழித்த இவருக்கு அதைத் தவிர வேறு அர்த்தம் தெரியாது. எனக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துவிட்டார்.

"மில்வாக்கிக்கப்பா! போவமோ எண்டு கேட்டனான்!"

மறுபடியும் நாடி, மறுபடியும் 'ந்ச்'.

"காது அடைச்சுப் போச்சே உமக்கு?"

அமெரிக்கக்காரர் பழத்துண்டைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். "அவள் சொல்லிவிட்டாள்," என்றார். "இரண்டு தரம் சொல்லிவிட்டாள்."

அந்த மனிதருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. போக விருப்பமில்லை என்பது எனக்கே அந்த மேசையில்தான் தெரிந்தது.

திரும்புகிற பஸ்ஸில் இவர் பயணச்சீட்டுகளைக் குத்திக்கொண்டு வந்து என் பக்கத்தில் இருந்தார். பிறகு, "விருப்பமில்லை எண்டா முதலே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

"கேட்டனீங்களே? கோவில் வாசல் முழுக்கக் கேட்டியள். என்னைக் கேட்டனீங்களே?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. "குவெஸ்துராப் பொலிஸ் வாசலிலை நிண்டு நிண்டு இப்பத்தான் இஞ்சை இருக்கிறதுக்குப் பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தது. இப்பத்தான் கடைக்காரனோடை சண்டை பிடிக்கிற அளவுக்குப் பாஷை வந்தது. இன்னொரு ஊரிலை திரும்பவும் ஊமையா நிக்க என்னாலை ஏலாது."

இறங்குகிற இடம் வந்தபோது அவர் மணியை அழுத்தினார். "அக்காவுக்கு என்னெண்டு சொல்லுறது?"

அன்று பின்னேரமே தொலைபேசி அடித்தது. இவர் அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எடுத்தேன்.

"என்ன மச்சாள், சுகமோ? தம்பியிட்டைக் குடுங்கோ."

"என்னோடை கதையுங்கோ மச்சாள்."

"தம்பி என்ன முடிவெடுத்தவன்? போறானோ?"

என் நாடி மேலே போனது, நாக்கும் தட்டியது. கனடாவுக்கு அது தெரியுமா? வாயைத் திறந்தேன்.

"நான் போகேல்லை மச்சாள்," என்றேன். "அவர் என்னோடைதான் நிக்கிறார்."