நைனா வெட்டிய இரண்டு கைகள்

எங்கள் நைனாவின் அச்சகத்தில் எழுத்துகளைவிட எனக்குப் பிடித்தவை கைகள். ஒரு தட்டு நிறையக் கைகள் இருந்தன. ஆள்காட்டி விரலை நீட்டும் கை, பேனா பிடித்த கை, பூங்கொத்தை நீட்டும் கை, குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். எல்லாம் சீமையில் எவனோ கண் வலிக்க வலிக்க நுணுக்கி வெட்டிய பிளாக்குகள். மதராஸில் மூடிப்போன ஒரு பிரஸ்ஸிலிருந்து நைனா மொத்தமாக வாங்கி வந்தார். நகக்கண் வரைக்கும் மயிரிழைக் கோடுகள் இருக்கும். ஆனால் அத்தனையும் கோட் போட்ட கைகள். சித்தூரில் மாட்டுச் சந்தைக்கு நோட்டீஸ் அடித்தாலும் ஒரு துரையின் கைதான் வழி காட்டும்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எல்லை எங்கே என்று முடிவாகாத வருஷங்கள் அவை. சித்தூரை மதராஸோடு சேர்க்கச் சொல்லி ஒரு கூட்டம் தமிழில் நோட்டீஸ் அடிக்க வரும். சேர்க்கவே கூடாது என்று இன்னொரு கூட்டம் தெலுங்கில் அடிக்க வரும். இரண்டு நோட்டீஸிலும் விரல் நீட்டியது அதே துரைதான். இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா போட்ட காபியைக் குடித்துவிட்டு, வெளியே போய்ச் சண்டை போடுவார்கள்.

கல்யாணப் பத்திரிகை என்றால் குலுக்கும் கைகள். கோட் போட்ட இரண்டு ஆம்பிளைகள் கை குலுக்குவதைத் தலைப்பில் போட்டுத்தான் எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேருக்குக் கல்யாணம் ஆனது. யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நைனாவுக்கு அந்தத் துரைகள் ஆகவில்லை. மாப்பிள்ளை திருப்பதியில் பள்ளிக்கூட வாத்தியார், பூர்வீகம் நகரிப் பக்கம். பெண் பார்க்க வந்தபோது அதிகம் பேசவில்லை, ஆனால் அச்சு இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்டார். எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. ஒளிப்பானேன், இந்த இடம் எப்படியாவது முடியவேண்டும் என்று சாமியை நச்சரித்துக்கொண்டிருந்தேன். இதற்கு முன்னால் ஒரு சம்பந்தம் பந்தல்கால் நடுகிற சமயத்தில் சகுனம் சரியில்லை என்று நின்றுபோயிருந்தது. இதுவும் நின்றால் மூன்றாவதாக ஒருத்தன் வரமாட்டான் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

நைனா ஒரு நல்ல மரக்கட்டையை இழைத்து, தானே வெட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். மாப்பிள்ளையின் கைக்காக அம்மாவை வளையலைக் கழற்றச் சொன்னார். அம்மாவின் வலது கை என் வலது கையைப் பிடிக்கவேண்டும், நாங்கள் அசையக்கூடாது. அம்மா, "அடுப்புல பருப்பு தீயுதுங்க" என்று கத்தியும் விடவில்லை. கை மரத்துப்போகும்வரை எங்களைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். மருதாணி, வளையல், விரல் ரேகை எல்லாம் வந்துவிட்டன. துரைகள் தோற்றார்கள்.

பிளாக்கில் உள்ளது காகிதத்தில் இடம் வலமாகத் திரும்பி விழும். இது அச்சுக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நைனாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஈய எழுத்தைத் தலைகீழாகவே சரளமாகப் படித்துவிடுவார், காகிதத்தில் ஒத்தி எடுத்துப் பார்ப்பதை மதிப்புக் குறைவாக நினைப்பார். எழுத்துகளை அப்படிப் படித்த அதே வேகத்தில் கைகளையும் பார்த்தார். கட்டையில் அவை வலது கைகளாகத்தான் இருந்தன. சரி என்று இயந்திரத்தில் ஏற்றிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டுப் பங்குப் பத்திரிகைகள் திருப்பதி பஸ்ஸில் போய்ச் சேர்ந்த பிறகுதான், எங்கள் பங்குக்கு மூலையில் மஞ்சள் தடவ உட்கார்ந்தேன். படத்தில் கட்டைவிரல் இருந்த பக்கம் ஏதோ உறுத்தியது. என் கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"நைனா, இங்க பாரு. ரெண்டும் இடது கை."

வாங்கிப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கைய அப்படியே பாத்துக்கினு வெட்டிட்டேன்மா" என்றார்.

"ஒரு புள்ளி போனாலே ஊரைக் கூட்டுவீங்க. சொந்தப் பொண்ணு பத்திரிகைல பீச்சாங்கையைப் போட்டு வெச்சிருக்கீங்களே" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வெற்றிலைகூட இடது கையில் வாங்காத ஊரில், இடது கையால் பாணிக்கிரகணம். இதைவிடப் பெரிய சகுனம் வேண்டுமா? எனக்கு நைனாமேல் வந்த கோபத்தில் அந்தக் கட்டையை அடுப்பில் வைத்திருப்பேன்.

மறுநாள் காலையில் திருப்பதி பஸ்ஸிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் இறங்கினார்கள். அந்த அம்மாள் கையில் பத்திரிகை. அவ்வளவுதான், முடிந்தது என்று நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

உட்காரக்கூட இல்லை, அந்த அம்மாள் கேட்டார். "யாருண்ணா சொன்னாங்க உங்களுக்கு?"

நைனா எழுந்து நின்றார். "யாரும் சொல்லலம்மா. பொண்ணுதான் பாத்துட்டுச் சொல்லிச்சு."

அந்த அம்மாள் கதவுக்குப் பின்னால் இருந்த என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நாங்க பாக்க வந்தப்பவே கண்டுபுடிச்சிட்டியாமா? அவன் பீச்சாங்கைக்காரன்னு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் அழ ஆரம்பித்துவிட்டார். "சின்னப் புள்ளைல இருந்து அடிச்சிக் கட்டிப்போட்டுப் பாத்தோம், மாறல. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு மறைச்சோம். நீங்க தெரிஞ்சிக்கினும் ஒண்ணும் கேக்காம, பத்திரிகைலயே அதே கைய போட்டு, எங்களுக்குச் சம்மதம்னு சொல்லிட்டீங்க. எந்த வீட்டுலண்ணா இப்படிச் செய்வாங்க?"

"மஞ்சிவாள்ளு" என்று மாப்பிள்ளையின் அப்பா தெலுங்கில் எங்களை நல்ல மனுஷர்களாக்கினார்.

தலையாட்டிவிட்டால் தீர்ந்தது. காபி கொண்டுவந்து வைத்த அம்மா கண்ணாலேயே நைனாவைக் கெஞ்சினாள். ஆனால் எங்கள் நைனாவுக்குப் பொய் நாக்கில் நிற்காது. "இல்லம்மா, எனக்கு மாப்ள விசயம் தெரியாது. கட்டைய தப்பா வெட்டிட்டேன்" என்றார்.

அந்த அம்மாளின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனது. மறைத்து வைத்திருந்ததைத் தானே வந்து கொட்டிவிட்டார், இனி அள்ள முடியாது. பத்திரிகையை மடித்து மடித்துச் சின்னதாக்கினார். நேற்றிலிருந்து நான் பட்ட பயம் அப்படியே அவர் முகத்தில் இருந்தது. சகுனத்துக்குப் பயந்து நாங்கள் இரண்டு வீட்டாரும் நடுங்கிய நடுக்கத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. கல்யாணப் பெண் வாய் திறக்கக்கூடாது என்பார்கள். திறந்தேன்.

"இப்ப தெரிஞ்சிடுச்சில்ல அத்தை, பத்திரிகைய மாத்த வேணாம். காபி ஆறிப்போவுது, குடிங்க."

மடித்த பத்திரிகையை அந்த அம்மாள் பிரித்து நீவினார். பிறகு அவர் காபியை எடுத்தார். நைனா வெளியே போய் இயந்திரத்தைச் சும்மாவே ஓட்டிக்கொண்டிருந்தார். நான் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் வயிறு குலுங்கச் சிரித்தேன். என்ன ஒரு நிம்மதி அது! வருஷக்கணக்காகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது.

முகூர்த்தத்தில் ஐயர் வலது கையைப் பிடிக்கச் சொன்னார். மாப்பிள்ளை வலது கையைத்தான் நீட்டினார், பழக்கமில்லாத கை. வியர்த்திருந்த அது என் கையைச் சரியாகப் பற்றவில்லை, நழுவியது. அவர் அம்மா எதிரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மாப்பிள்ளைதான் பிடிக்கவேண்டும் என்பது சாஸ்திரம். இறுக்கிப் பிடித்துக்கொண்டது நான்தான்.