மாமன் முடியிறக்க ஒரு பயணம்: புஞ்சாக் ஆலாமிலிருந்து புக்கிட் ரோத்தான் வரை

இந்தத் தளத்தில் நான் எழுதி ஆறு மாதம் ஆகிறது. பயணம் செய்யாமல் இல்லை. எங்கள் ஐந்து வயது மகள் யாழினிக்கு இரத்தப் புற்றுநோய். புஞ்சாக் ஆலாம் வீட்டுக்கும் கோலாலம்பூரில் ஒரு குழந்தைகள் வார்டுக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்தோம். அந்தப் பாதையில் வாசகர்களுக்குப் பரிந்துரைக்க ஒன்றும் கிடைக்கவில்லை, வாகன நிறுத்துமிடம்கூட. சென்ற சனிக்கிழமைதான் வேறு திசையில் ஒரு காலைப் பயணம் வாய்த்தது. காரணம், என் மனைவி சுமதியின் அண்ணன் குணாவின் தலைமுடி.

குழந்தைக்கு முடியிறக்கும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது எங்கள் வழக்கம். நோய் தெரிந்த அன்றே குணா, யாரையும் கேட்காமல், தான் பிறந்து வளர்ந்த தோட்டத்து மாரியம்மனிடம் யாழினியின் முடியைக் காணிக்கையாகத் தருவதாக வேண்டிக்கொண்டார். நல்ல மனசு. ஆனால் மூன்றாவது வாரத்தில் மருந்து முந்திக்கொண்டது. தலையணையில் பாதி, சுமதியின் தோளில் பாதி என்று எல்லாம் உதிர்ந்தன. அம்மனுக்கு எழுதி வைத்த சொத்தை மருத்துவம் ஜப்தி செய்துவிட்டது.

விலக்கு கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு குணா பூசாரியைப் பார்த்தார். பூசாரி எந்த நீதிமன்றமும் தராத வேகத்தில் தீர்ப்பளித்தார்: "வேண்டிக்கிட்டது நீதானே? ஒன் மண்டையில முடி இருக்குல்ல?"

இங்கே குணாவின் முடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லோரியை ஓட்டுபவர், வயது நாற்பத்து நான்கு. தலைக்கவசம் முடியை அமுக்குகிறது என்பதற்காக மோட்டார் சைக்கிளை விற்றவர். பின்னால் வரும் வாகனத்தைப் பார்க்க லோரியில் ஒரு கண்ணாடி உண்டு. அது எப்போதும் அவர் நெற்றியைத்தான் காட்டும். எனவே வேண்டுதல் தள்ளிப்போனது. முதலில் ஒரு கல்யாணம், பிறகு தீபாவளி, பிறகு "வெயில் ஜாஸ்தி லா மாப்ள." கடைசியில் யாழினி கைப்பேசியில் அவர் முகம் பார்த்துக் கேட்டாள்: "மாமா, சாமி எவ்ளோ நேரம் வெயிட் பண்ணும்?"

அந்த வாரம் அவளுடைய இரத்த அணுக்கள் தேறியிருந்தன. டாக்டர் அனுமதித்தார். ஆனால் திங்கட்கிழமை அடுத்த சுற்று மருந்து. காய்ச்சலால் அது ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போயிருந்தது. இன்னொரு முறை தள்ளக்கூடாது. சூடு முப்பத்தெட்டைத் தொட்டால் நேராக வார்டு. "கூட்டம் வேண்டாம், வெளிச் சாப்பாடு வேண்டாம், யாரும் முத்தம் கொடுக்க வேண்டாம்" என்றார். இந்த மூன்றையும் கழித்தால் எங்கள் உறவுமுறையில் மிஞ்சுவது சண்டை மட்டும்தான்.

காலை ஏழேகாலுக்குப் புறப்பட்டோம். யாழினியின் சூடு 36.7. இஜோக் வழியாகப் புக்கிட் ரோத்தான், டோல் இல்லை, முக்கால் மணி நேரம். புக்கிட் ரோத்தானைத் தாண்டி இடப்பக்கம் தோட்டத்துச் செம்மண் சாலை. செம்பனை லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் முந்த முயலாதீர்கள். தூசிக்குள் எதிரே இன்னொரு லோரி இருக்கும். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, லோரி ஓட்டுநருக்குப் பசிக்கும் நேரத்துக்காகக் காத்திருப்பதே நல்லது.

கோயிலில் பூசாரி, முடி திருத்துபவர், குணா ஆகிய மூவர் மட்டும் இருப்பார்கள் என்பது ஏற்பாடு. போய்ச் சேர்ந்தபோது ஒரு கூடாரமும், வரிசையாக நாற்காலிகளும், கொதிக்கும் சாம்பார் அண்டாவும், ஏறத்தாழ அறுபது உறவினர்களும் இருந்தனர். குணா கார் ஜன்னலருகே வந்தார். ஜன்னலை இரண்டு விரல் அளவு இறக்கினேன்.

"என்ன மச்சான் இது?"

"நான் ஒருத்தர்கிட்டதான் சொன்னேன் லா மாப்ள."

"யார்கிட்ட?"

"பாக்கியம் அத்தகிட்ட."

பாக்கியம் அத்தையிடம் சொன்னபின் பத்திரிகையில் விளம்பரம் கொடுப்பது வீண் செலவு. அதற்குள் அத்தையே, இரு கைகளையும் விரித்துக்கொண்டு, காரை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

"கதவத் தொறங்க தம்பி! பிள்ளைக்கு ஒரு முத்தம் குடுக்காம எப்படி? பல்லு வெளக்கிட்டுத்தான் வந்திருக்கேன்!"

சுமதி நான்கு கதவுகளையும் பூட்டினாள். "திருப்புங்க, வீட்டுக்குப் போலாம். திங்கக்கிழமை மருந்து ஏறணும். எனக்கு அதுதான் சாமி."

நான் சாவியைத் திருகினேன். பின்னிருக்கையில் யாழினியின் முகமூடி மெல்ல நனையத் தொடங்கியது. "அப்போ மாமா முடி?"

குணா அதைக் கேட்டார். பிறகு ஓடிப்போய்த் தன் லோரியிலிருந்து நைலான் கயிற்றை எடுத்து, கூடாரத்துக்கு முன்னால் இரண்டு செம்பனைகளுக்கு இடையே கட்டினார். லோரிப் படியில் ஏறி நின்று கத்தினார்.

"நல்லா கேட்டுக்குங்க! யாராச்சும் இந்தக் கயித்தத் தாண்டுனீங்க, நான் இப்பவே கெளம்பிருவேன். மொட்டை கேன்சல்!"

கூட்டம் கயிற்றுக்குப் பின்னால் ஒதுங்கியது. அவர்கள் வந்தது பாதி பக்திக்கு; மீதி, குணாவின் முடி போவதைக் கண்ணால் பார்ப்பதற்கு. இருபது ஆண்டுகளாகப் பலர் இதற்காகக் காத்திருந்தனர். மருத்துவம் சொல்லி நடக்காததை ஒரு மிரட்டல் நடத்தியது. பாக்கியம் அத்தையே காவல் பொறுப்பேற்றார். "ஏய், பின்னால போ! கெடுத்துராதடா!" என்று ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்ததை நானே பார்த்தேன்.

கோயிலுக்கு வெளியே, காற்றோட்டமான மர நிழலில், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாயை விரித்தோம். பூசாரிக்கும் முடி திருத்துபவருக்கும் முகமூடி கொடுத்தோம். மந்திரம் எங்களுக்குக் கேட்கவில்லை, உரியவருக்குக் கேட்டிருக்கும். சுமதி அண்ணனை விசாரித்தாள்: "குளிச்சியாண்ணே? சளி இருக்கா? இருமு பாப்போம்."

எல்லாம் சரியானபோது முடி திருத்துபவர் கத்தியுடன் நிமிர்ந்தார். "யாரு மடியில உக்கார வைக்கிறது?"

குணா விழித்தார். அவருடைய தாய்மாமன் காலமாகிப் பல வருடம். "எனக்குத்தான் மாமன் இல்லையே."

"நான் இருக்கேன்ல" என்றாள் யாழினி, பாயில் சம்மணமிட்டு.

அவள் மடியில் சலவைத் துண்டு ஒன்றை விரித்தோம். எண்பது கிலோ குணா, சாலையோரம் படுத்த எருமையைப் போலச் சாய்ந்து, தலையை மட்டும் அதில் வைத்தார். முதல் கற்றை விழுந்ததும் கண்களை இறுக மூடிக்கொண்டார். யாழினி அவர் காதருகே குனிந்தாள்.

"மொதல்ல குளிரும் மாமா. அப்புறம் பழகிரும்."

குணாவின் கண்ணோரம் வழிந்ததை அவள் துண்டின் நுனியால் துடைத்தாள். வார்டில் மிஸிகள், அதாவது தாதிகள், அவளுக்குச் செய்வதைப் போலவே, மூக்குப் பக்கமாக இல்லாமல் வெளிப்பக்கமாக.

எல்லாம் முடிந்து அவர் எழுந்து நின்றபோது கயிற்றுக்கு அப்பாலிருந்து பாக்கியம் அத்தை அறிவித்தார்: "பின்மண்டை சப்பைடா குணா! இத்தன வருசம் எப்படிடா மறைச்ச?"

இனி, இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். கேட்டுக் கிளம்பினாலும் வெப்பமானி, முகமூடி, வீட்டுச் சாப்பாடு, வீட்டுத் தண்ணீர் ஆகியவை கையில் இருக்கட்டும். செய்தியை யாரிடமும் சொல்லாதீர்கள். ஒருவரிடம் மட்டும் சொல்வது மிக ஆபத்தானது. அன்பு காட்ட வருபவர்களிடம் கிருமியைப் பற்றி விளக்கிப் பயனில்லை, அவர்கள் அதை அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். பார்ப்பதற்கு வேறு ஏதாவது கொடுங்கள். செலவு: பெட்ரோலுக்குப் பதினைந்து மலேசிய வெள்ளி, முடியிறக்க இருபது வெள்ளி. நைலான் கயிறு இலவசம். சாம்பாரைக் காரின் பின்பெட்டியில் ஏற்றிவிட்டார்கள். யாழினி உறங்கியபின் நாங்கள் இருவரும் சாப்பிட்டோம், அருமை.

சனி மாலை 36.8. ஞாயிறு 36.6. திங்கள் காலை மருந்து ஏறத் தொடங்கியது. குணா லோரிக்கு விடுப்புப் போட்டுவிட்டு, யாழினியின் முயல் காது வைத்த தொப்பியை இரவல் வாங்கி அணிந்துகொண்டு, வார்டு வாசலில் நின்றார். யாருக்கு முதலில் முடி வளர்கிறது என்று இருவருக்கும் பந்தயம். இன்னும் பல மாதம் மருந்து இருக்கிறது. டாக்டர் எதற்கும் உறுதி சொல்லவில்லை, பந்தயத்துக்கும் சேர்த்து.

குணா நேற்று ஒரு சவரக்கத்தி வாங்கியிருக்கிறார். தோற்பதற்கு.